அடிக்கடி அணைந்து எழும் கணினி: மதர்போர்டு வாங்குவதற்கு முன்

கேள்வி: மூன்று மாதமாக எங்கள் வீட்டு டெஸ்க்டாப் கணினி நாளுக்கு இரண்டு மூன்று முறை தானாக நின்று, மறுபடி தொடங்குகிறது. எப்போதாவது நீலத்திரை மின்னி மறைகிறது, படிக்க முடியவில்லை. இரண்டு முறை ஃபார்மட் செய்தாயிற்று. ரேமையும் புதிதாக வாங்கிப் போட்டோம். இப்போது மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்:

வேண்டாம், இப்போதைக்குப் பொறுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மதர்போர்டின் மீது குற்றம் சாட்ட ஒரு தடயமும் இல்லை. இதுவரை எல்லாமே ஊகத்தின் பேரில் நடந்திருக்கிறது: முதலில் விண்டோஸ், பிறகு ரேம், அடுத்து மதர்போர்டு. இருபது ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். இதே வரிசையில் பணத்தை இழந்துவிட்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கடைசியில் கோளாறு, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலோ, யுபிஎஸ் பேட்டரியிலோ, தூசி அடைத்த விசிறியிலோ இருக்கும். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. ஏனென்றால் விழும் கணினி பெரும்பாலும் தன் நோய்க்கு ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் விழுகிறது. அதைக் கவனிக்காமல் பாகங்களை மாற்றத் தொடங்குவதுதான் செலவை இழுத்துவிடுகிறது.

இரண்டு முறை ஃபார்மட் செய்ததில் ஒரு லாபம் உண்டு. விண்டோஸ் கோப்புகள் கெட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகம் ஏறத்தாழ நீங்கிவிட்டது. ஆனால் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு வன்பொருளையும் விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்கள் மீதான சந்தேகம் நீங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பழைய டிரைவர்களைத்தான் மறுபடி நிறுவியிருப்பீர்கள். அதே கோளாறு புதிய விண்டோஸிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பைசா செலவில்லை. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் நிலைகுலைந்தால் நீலத்திரையைக் காட்டிவிட்டு உடனே மறுதொடக்கம் செய்யும்படிதான் அது வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் உங்களால் படிக்க முடியவில்லை. டிக்கை எடுத்த பிறகு நீலத்திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கருப்பாக வரும். விஷயம் ஒன்றுதான்.

இந்தச் சிறு மாற்றம் உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிரித்துவிடும். டிக்கை எடுத்த பிறகும் கணினி எந்தத் திரையும் காட்டாமல் சட்டென்று அணைந்து எழுகிறது என்றால், விண்டோஸுக்கு நடந்ததே தெரியவில்லை என்று பொருள். மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது வன்பொருள் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. திரை நின்று ஒரு குறியீட்டைக் காட்டினால் ரேம், டிரைவர், டிஸ்க், பிராசசர் என்ற திசையில் தேட வேண்டும். இரண்டுமே இல்லாமல், பாட்டு ஒரே துணுக்கில் சிக்கிக் கரகரக்க, மவுஸ் அசையாமல் உறைந்துபோனால் கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் முதலில் பாருங்கள்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது கணினியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் அந்த நேரத்தில் எதைப் போட்டார்கள் அல்லது அணைத்தார்கள் என்ற மூன்றும் போதும்.

இந்த நோட்டின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது மதுரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ஒரு சிறிய அலுவலகம். நான்கு கணினிகளில் ஒன்று மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. முகூர்த்த மாதம், பாதி வேலையில் நின்றுபோன பக்கங்களை இரவு உட்கார்ந்து மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். உங்களைப் போலவே ஃபார்மட்டும் ரேமும் ஆகிவிட்டிருந்தன. அந்தக் கணினியில் வேலை செய்த பெண்ணிடம், விழும் நேரத்தைச் சுவரிலிருந்த நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவரச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் போனால், பென்சில் குறிப்புகள் பெரும்பாலும் காலை பத்தரை மணியையும் மாலை நான்கு மணியையும் ஒட்டியே இருந்தன. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரம். மோட்டார் சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது, கணினி விழுந்தது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம், அது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

அந்தக் கணினிக்கு யுபிஎஸ் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரே ஒரு கூவல், கணினியோடு சேர்ந்து அதுவும் அணைந்தது. உள்ளே நான்கு வயதான 12 வோல்ட் பேட்டரி; பக்கங்கள் புடைத்து, கூட்டைவிட்டு எளிதில் வெளியே வரவில்லை. பச்சை விளக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதற்கு அடையாளம். பேட்டரி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. பேட்டரியை மாற்றியதும் கணினி விழுவது குறைந்தது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. அதன் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறிக் கம்பி வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளைகளான கெபாசிட்டர்களில் இரண்டின் தட்டையாக இருக்க வேண்டிய தலை இட்லிபோல உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் மாறியதும் கணினி நிமிர்ந்தது. இரண்டு கோளாறுகள் கைகோத்திருந்ததால், ஒன்றை மட்டும் சரிசெய்தவர்களுக்கு அது பிடிபடவில்லை.

எஸ்எம்பிஎஸ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இது எளிதாக விளங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சுவரில் மின்சாரம் அறுந்துபோனால், தனக்குள் தேக்கி வைத்திருப்பதைக் கொண்டு சுமார் 16 மில்லி நொடி வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி நொடி. அதைவிடவும் குறைவான அந்த இடைவெளிக்குள் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியாக வேண்டும். நல்ல யுபிஎஸ் 10 மில்லி நொடிக்குள் மாறிவிடும். கெபாசிட்டர் வற்றிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த 10 மில்லி நொடியே கடக்க முடியாத தூரம். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் சாதா நிலை, யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா நிலையில் மாறும் நேரம் நீளம். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினி விழுந்துவிடும்.

கெபாசிட்டர் ஏன் வற்றுகிறது என்றால், முதல் காரணம் வெப்பம். உள்ளே திரவம் உள்ள இந்தப் பாகத்தின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடக்கூடத் தோராயமாகப் பாதியாகும். மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, காற்றோட்டம் இல்லாமல் கிடக்கும் கேபினட்டில், நம் ஊர் மே மாதத்தில், மலிவான எஸ்எம்பிஎஸ் மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள் கம்பிக்கும் கருப்புக் கம்பிக்கும் இடையில் அளந்து பார்க்கலாம். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கனமான வேலை கொடுக்கும்போது 11.4-க்குக் கீழே சரிந்தால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. அளவு சரியாக இருப்பதாலேயே அது நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேகமான ஏற்ற இறக்கங்களை மல்டிமீட்டர் காட்டாது. இன்னொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸின் கூட்டை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அது ஆளைக் கொல்லும்.

இங்கே, கணினியில் நடந்தவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொடக்க மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போனால், ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பலர் ‘பவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள். அது காலையில் வந்து, கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி. திருடனை அவர் பார்க்கவில்லை. கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை, மறுபடி எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அவ்வளவுதான். அந்தப் பதிவின் விவரங்களில் ‘பக்செக்கோட்’ (BugcheckCode) என்ற வரியைப் பாருங்கள். அங்கே சுழியம் இருந்தால் விண்டோஸ் எதையும் பதிவு செய்ய முடியாமல் விழுந்திருக்கிறது. மின்சாரத்தின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் எண். 41-க்குச் சற்று முன்னும் பின்னும் ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். வன்பொருள் பிழையைப் பிராசசரே கண்டுபிடித்துச் சொன்னால் அந்தப் பெயரில்தான் எழுதப்படும்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பிராசசர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் எல்லை தாண்டினால்தான் கணினியை அணைக்கும். பல இன்டெல் பிராசசர்களுக்கு வேகம் குறையத் தொடங்கும் எல்லை 100 டிகிரி. ஆகவே, விழுவதற்கு முன் கணினி மந்தமாகி, விசிறி இரைந்திருந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோலப் படிந்த தூசியை எடுத்து, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் தீர்ந்துவிடும். கேபினட்டைத் திறந்த கையோடு, மதர்போர்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் 24 பின் இணைப்பையும், பிராசசருக்கு அருகில் உள்ள 4 அல்லது 8 பின் இணைப்பையும் அழுத்திப் பாருங்கள். முன்பக்கத்து பவர் பொத்தான் சிக்கிக்கொள்கிறதா, யுஎஸ்பி துளையின் உள்ளே தகடு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொத்தான் நான்கு நொடி அழுந்தியே இருந்தால் கணினி அணைந்துவிடும். பழைய கேபினட்டுகளில் இதை நான் கண்டிருக்கிறேன்.

இனி நீலத்திரைப் பக்கம் வருவோம். ‘ரேம் புதிது’ என்கிறீர்கள். புதிது என்பதாலேயே அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான ரேம் பட்டைகளில் பிழை பதிவானது. அவற்றில் பெரும்பகுதி தற்செயலான பிழைகள் அல்ல, சில்லிலேயே உள்ள நிலையான கோளாறுகள் என்றும் அந்த ஆய்வு சொன்னது. உங்கள் பழைய ரேமோடு புதியதைச் சேர்த்துப் போட்டிருந்தால், தனித்தனியே நல்லவையான இரண்டும் ஒன்றாக இயங்க மறுக்கலாம். விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த நிரலான பயாஸில் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் ஏற்பாடு அது. அதை அணைத்ததும் கணினி நிலைத்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடக் கூடாது. பிழை வந்தால் பட்டைகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பிழை பட்டையோடு இடம் பெயர்கிறதென்றால் ரேம் கெட்டது. எந்தப் பட்டையை வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் வந்தால், அப்போதுதான் முதல்முறையாக மதர்போர்டின் மீது சந்தேகப்பட ஒரு நியாயம் பிறக்கிறது. ரேமின் தங்கநிறப் பற்களை ரப்பரால் அழுத்தித் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் படியும் கறை அதனால் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது.

குறியீடுகளுக்கு வருவோம். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் பிராசசர், மின்னழுத்தம், மதர்போர்டு என வன்பொருளின் பக்கமே போங்கள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ வந்தால் ரேம். ‘வீடியோ டிடிஆர்’ (VIDEO_TDR) என்றால், இரண்டு நொடி காத்திருந்தும் கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்லவில்லை, மீட்கும் முயற்சியும் பலிக்கவில்லை என்று பொருள். டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், கார்டுக்கு வரும் மின் இணைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு வருவதும் ஒரு தடயமே. டிரைவர் கோளாறு பெரும்பாலும் ஒரே முகத்தோடு வரும். நாளுக்கொரு முகம் காட்டினால் ரேமும் மின்சாரமும்தான் என் முதல் சந்தேகம்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு கோப்பு சேர்ந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் (WinDbg) என்ற நிரலில் அதைத் திறக்கலாம். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் கோப்பையே குற்றவாளியாகக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். விழுந்த இடம் அது, தள்ளிவிட்டவர் வேறு. மூன்று நான்கு கோப்புகளில் ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை நம்பலாம். கெர்னலுக்குள் இயங்கும் ஒரு மென்பொருள் தவறினால் முழுக் கணினியும் விழும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்புக் கோப்பால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அந்தக் கணினிகளின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

மினிடம்ப் காலியாக இருக்கிறது, ஆனால் நீலத்திரை வந்தது நிச்சயம் என்றால், எழுதுவதற்கு டிஸ்க்கே அந்நேரம் காணாமல் போயிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். அதைவிட மலிவான சோதனை இல்லை.

உங்கள் பிராசசர் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசராக, அதிலும் 65 வாட்டோ அதற்கு மேலோ உள்ள வகையாக இருந்தால் கவனியுங்கள். அவை தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, அதனாலேயே நாளடைவில் கெடுகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது; பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டித்தது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்றினால் மேற்கொண்டு கெடாமல் காக்கலாம். ஏற்கெனவே கெட்டதை அது குணப்படுத்தாது. உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆக, உங்கள் வேலை இந்த வரிசையில் போகட்டும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். முறைதவறி அணையும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. இன்றிரவு அந்த டிக்கை எடுத்துவிட்டு மெம்டெஸ்ட்டை ஓட விடுங்கள். நாளை, எந்தக் கோப்பும் திறந்திராதபோது, யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்; பத்து நிமிடமாவது தாங்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, நல்ல எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராக இணைத்து ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

அதற்குப் பிறகும் விழுந்தால் நோட்டையும் திரைப் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் கண்ணெதிரே வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் விழுந்தால், மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டையின் மேல் வைத்து, ஒரே ஒரு ரேமோடு சோதிக்கச் சொல்லுங்கள். அதிலும் விழுந்தால் பிராசசர் ஒன்றுதான் மிச்சம். கடையில் பொருந்தும் பிராசசர் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் பிறகு விழுந்தால் மதர்போர்டுதான். அப்போதும் புதியதற்குப் பணம் கொடுக்கும் முன் பழைய பில்லைத் தேடுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு இங்கே 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு.